வாதியும் பிரதிவாதியும் ஏறிய தோணி

இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முந்தி, ஒரு பங்குனியில், நான் பாய்த்தோணி ஏறி யாழ்ப்பாணம் போனேன். ஊரில் எல்லோரிடமும் திருச்செந்தூர் போவதாகச் சொல்லியிருந்தேன். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, முருகன் பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்கினேன்.

நான் எங்கே போகிறேன் என்பது ஒரே ஒரு மனுஷனுக்குத் தெரியக்கூடாது. அவர் என் அடுத்த வயல்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், முறைக்கு மாமா. ஆனால் நான் அவர்மேல் கேஸ் போட்ட நாளிலிருந்து அந்த முறையெல்லாம் போய், எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ‘பிரதிவாதி’ என்று ஆகிவிட்டது. "பிரதிவாதி வீட்டு மாடு நம்ம வைக்கோலத் திங்குதுங்க" என்று என் வீட்டுக்காரி கொல்லையிலிருந்து கத்துவாள். அவர் வீட்டில் நான் ‘வாதி’. தெருவில் எங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போய்விட்டது.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்கு மேற்கே, புதுக்கோட்டைச் சமஸ்தானத்து எல்லைக்குள் இருந்தது. அறந்தாங்கி வெள்ளைக்காரன் சீமை. சந்தைக்குப் போனால் ஒரு ராஜ்ஜியம், கோர்ட்டுக்குப் போனால் இன்னொரு ராஜ்ஜியம். எங்கள் இருவர் வயலுக்கும் நடுவே ஒரு வண்டித்தடம் கிடந்தது. எரு கொண்டுபோவதும் வைக்கோல் கொண்டுவருவதும் அதன் வழியாகத்தான். ஒரு வருஷம் அவர் அந்தத் தடத்தை உழுது, வரப்புப் போட்டு, நெல்லும் விதைத்துவிட்டார். கேட்டால், தடம் தன் நிலத்தில்தான் இருந்தது என்றும், என் தகப்பனாருக்காகப் பரிதாபப்பட்டு விட்டுவைத்திருந்ததாகவும் சொன்னார். என் தகப்பனார் யாருடைய பரிதாபத்தையும் வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. நான் புதுக்கோட்டைக்குப் போய் வக்கீலைப் பார்த்தேன்.

கேஸ் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் வக்கீல் ஒரு நாள், "அந்தத் தடத்தில் வண்டி ஓட்டின ஆள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாரும். கேஸ் நம் கைக்கு வந்துவிடும்" என்றார். அப்படி ஓர் ஆள் இருந்தார். எங்கள் வீட்டுக்கும் பிரதிவாதி வீட்டுக்கும் மாறி மாறி வண்டி ஓட்டியவர். யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு புகையிலைக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

தனுஷ்கோடி வழியாகக் கப்பலில் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் மண்டபத்தில் முகாமில் தங்கி, உடம்பைக் காட்டி, ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு ஊசி என்றால் பயம். கோட்டைப்பட்டினத்திலிருந்து கூரை ஓடும் அரிசியும் ஏற்றிக்கொண்டு தோணிகள் அக்கரைக்குப் போகின்றன, தண்டையலிடம் தன்மையாகச் சொன்னால் ஆளையும் ஏற்றிக்கொள்வார் என்று ஒருவர் சொன்னார். தண்டையல் என்றால் தோணியை நடத்துகிறவர். அவரும் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். "சாயந்தரம் பாய் விரிச்சா விடியக்காலம் அக்கரைதாங்க" என்றார்.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்த் தோணியைப் பிடித்தேன். இரண்டு பேர் கையைக் கொடுத்து மேலே இழுத்துப் போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால், ஓட்டு அடுக்கின்மேல் ஒருவர் குடை விரித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். குடைக்குக் கீழே பின்னந்தலை தெரிந்தது. நடுவில் வழுக்கை, அதில் இடது பக்கம் ஒரு மச்சம். கோர்ட்டில் வருஷக்கணக்காக அந்தத் தலைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். முகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அவரும் திரும்பினார். ஊரில் அவர் ராமேஸ்வரம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய நெற்றியிலும் என்னைப்போலவே பட்டை பட்டையாக விபூதி.

இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இறங்கினால் வண்டிக்காரரை அவர் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவரும் அதையே நினைத்திருக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கினவர் மறுபடி மடக்கிக்கொண்டார். பாய் ஏறியது. கரை நகர்ந்தது. அதற்கப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை.

தோணியில் பிரயாணிகள் மொத்தம் நான்கு பேர். நாங்கள் இருவர் போக, ஜவுளி மூட்டையோடு ஒரு ராவுத்தர் இருந்தார். இன்னொருவர் யாழ்ப்பாணத்து அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கோட்டைப்பட்டினத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்ததால், நாம் சந்தைக்குப் போய்வருகிற மாதிரி கடலைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தவர். மகள் கொடுத்த ஒரு வெள்ளாட்டைப் பாய்மரத்தில் கட்டிப்போட்டு, அதற்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். தண்டையலே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். காற்றைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்டார்.

உட்கார இடம் என்று பார்த்தால் எங்கள் ஊர்க் களத்தில் கால்வாசிகூட இல்லை. அந்த இடத்தில் நானும் பிரதிவாதியும் பேசாமல் இருக்க வேண்டும். குடை நிழல் என்மேல் விழுந்தால் நகர்ந்துகொள்வேன். நான் காலை நீட்டினால் அவர் மடக்கிக்கொள்வார். ஒரு தடவை அவருடைய மூட்டை உருண்டு என் தொடைமேல் ஏறியது. நான் அந்த அம்மாளைப் பார்த்து, "அந்த ஆளோட மூட்டைய அங்கிட்டு எடுத்துக்கச் சொல்லுங்க" என்றேன்.

அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவரிடம், "தம்பி சொல்லுறார், உங்கடை மூட்டை பாரமா இருக்காம், தான் பிடிச்சுக்கொள்ளட்டோ எண்டு கேக்கிறார்" என்றார்.

பிரதிவாதி திகைத்துப்போனார். பிறகு விறைப்பாக, "எந்த உதவியும் தேவையில்லன்னு சொல்லுங்க. அவுக ஒதவி எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அம்மாள் என் பக்கம் திரும்பி, "உங்கடை உதவி எப்பிடிப்பட்டது எண்டு தனக்குத் தெரியுமாம். நல்ல மனுசன் எண்டு சொல்லுறார்" என்றார்.

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. நாங்கள் வசவைக் கொடுத்தால் அவர் அதை உபசாரமாக மாற்றி அந்தப் பக்கம் சேர்த்தார். ராவுத்தர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கடைசியில் அம்மாளுக்கே அலுத்துவிட்டது. "மூண்டு முழத்துக்கு அங்காலை இருக்கிற மனுசனுக்குத் தூது போக எனக்கென்ன விசரோ? நீங்களே கதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பாக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

கரை மறைந்ததும் அலை ஏறியது. எனக்கு முதலில் காது அடைத்தது, பிறகு வாய் ஊறியது, பிறகு வயிறு தன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. ஓடிப்போய்த் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் தலையைத் தொங்கவிட்டேன். திருச்செந்தூர் முருகனிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கால் வழுக்கி, உடம்பு பாதிக்குமேல் வெளியே போய்விட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் அரைஞாண் கயிற்றோடு சேர்த்து வேட்டியைப் பிடித்து இழுத்தது. பொத்தென்று ஓட்டின்மேல் விழுந்தேன்.

பிரதிவாதி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"ஏ மாப்ளே, கேஸு முடியறதுக்குள்ள நீ போய்ச் சேந்துட்டா நான் யாருகூடடா நடத்துறது?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டோம் என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு குடையை எடுக்கப் போனார். குடை காற்றில் பறந்து கடலுக்குள் விழ இருந்ததை நான் எட்டிப் பிடித்தேன். "இந்தாங்க மாமா" என்று எனக்கும் வந்துவிட்டது. அம்மாள் பாக்குவெட்டியை மடியில் வைத்துவிட்டு, "இவ்வளவுதான் விசயம்" என்றார். எனக்கு முகர ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

விடிந்தபோது அக்கரை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாய் காய்ந்த வாழை இலை மாதிரி தொங்கியது. கடல் எங்கள் ஊர் ஊருணியைவிட அமைதியாகக் கிடந்தது. தண்டையல் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "கச்சான் விழுந்துபோச்சுங்க" என்றார். மேல்காற்றை அப்படிச் சொல்வார்கள். எப்போது எழுந்திருக்கும் என்று கேட்டேன். "அதுகிட்டத்தாங்க கேக்கணும்" என்றார்.

மாமா தன் கட்டுச்சோற்றை முதல் நாளே தீர்த்துவிட்டிருந்தார். காலையில் அக்கரையில் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை. என் மூட்டையிலோ வீட்டுக்காரி கட்டிக்கொடுத்த புளிச்சோறு அப்படியே இருந்தது. பிரித்ததும் வாசனை தோணி முழுக்கப் பரவியது. எனக்கு வயிறு ஒப்பவில்லை. "நீங்க எடுத்துக்கங்க மாமா" என்றேன்.

அவர் முதலில், "கேஸு நடக்குறப்ப எப்படி மாப்ளே கை நனைக்கிறது? வக்கீலு என்ன சொல்வாரு?" என்று யோசித்தார்.

"வக்கீலு வந்து பாக்குறதுக்குத் தோணி வேணும்ல?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. ஒரு வாய் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு யாருடனும் பேசாமல் பாதியைக் காலி செய்தார். மீதியை ராவுத்தரும் தண்டையலும் பங்குபோட்டார்கள். தண்டையல் வீட்டு மீன்குழம்பு எங்களுக்கு வந்தது. அம்மாள் பனங்கிழங்கு கொடுத்தார். தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி வீதம்தான் அளந்தார்கள். நான் காலி வயிற்றோடு கிடந்ததைப் பார்த்து மாமா தன் பங்கில் பாதியை என் வாயில் ஊற்றினார்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தோணியில் வெளிக்குப் போவதென்றால் பின்பக்கம் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே தொங்கவேண்டும். கயிற்றை மட்டும் நம்பினால் ஆள் போய்விடும். மேலேயிருந்து இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அம்மாளுக்கு மட்டும் தண்டையல் பின்பக்கம் படுதா கட்டிக்கொடுத்திருந்தார். ராவுத்தருக்குத் தண்டையல் நின்றார். எனக்கு மாமா, மாமாவுக்கு நான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்தக் கையை விட்டால் கேஸ் இன்றோடு தீர்ந்தது என்று ஒரு நினைப்பு என் மனதில் வந்துபோனது. வெகுநாள் கழித்து அதை அவரிடம் சொன்னேன். "நீ இப்பத்தான் சொல்ற. நான் ஒன் கையப் பிடிச்சிருந்தப்பவே சாட்சி இல்லாத எடமா இருக்கேன்னு பாத்தேன்" என்றார். இருவரும் விலா நோகச் சிரித்தோம்.

வெயில் ஏறியது. காற்று இல்லை. செய்ய வேலையும் இல்லை. ராவுத்தர் கரியால் பலகையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடிப் பார்த்தார். அதுவும் சலித்துவிட்டது. அப்போதுதான் அந்த அம்மாள் கேட்டார்.

"அதுசரி, உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன வழக்கு?"

நான் ஆரம்பித்தேன். மாமா இடைமறித்தார். நான் குரலை உயர்த்தினேன். அவர் எழுந்து நின்றார். மறுபடி பழைய கதை ஆகிவிடும்போல இருந்தது. அம்மாள் பாக்குவெட்டியால் பாய்மரத்தில் தட்டினார்.

"பொறுங்கோ. இனி நான்தான் நீதவான். உங்கடை வழக்கை நீங்கள் சொன்னால் பொய்தான் சொல்லுவியள். அவரின்ரை வழக்கை நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை வழக்கை அவர் சொல்லட்டும்."

ராவுத்தருக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. தான்தான் கோர்ட் சேவகன் என்று சொல்லித் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, எங்களை மும்முறை சத்தமாகக் கூப்பிட்டார். மூன்று முழத் தூரத்திலிருந்து நாங்கள் ஆஜரானோம்.

முதலில் மாமா என் கட்சியைப் பேசினார். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று தொடங்கினார் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் தகப்பனார் அந்தத் தடத்தில் எரு வண்டி ஓட்டிய காலத்தைச் சொன்னார். தடத்தை அடைத்ததால், அறுத்த வைக்கோலை நான் தலைச்சுமையாகச் சுமந்து வந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னார். அது கோர்ட்டில் என் வக்கீல் சொல்லாதது. மாமா தன் வரப்பிலிருந்து பார்த்தது. "இப்படி ஒரு மனுசன் கஷ்டப்பட்டத அடுத்த வயக்காரன் பாத்துக்கிட்டு நின்னானே, அவனெல்லாம் மனுசனா?" என்று தன்னையே கேட்டு முடித்தார். தண்டையல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. விட்டுக்கொடுக்கலாமா? நான் மாமாவின் கட்சியை அதைவிட ஒரு படி மேலே கொண்டுபோனேன். மழைக்காலத்தில் என் வண்டி தடத்தை விட்டு விலகி விலகி, வருஷத்துக்கு ஓர் ஏர் அகலம் அவர் வயலைத் தின்றதைச் சொன்னேன். அவர் நாற்று நட்ட மறுநாளே என் மாடுகள் அதில் இறங்கியதைச் சொன்னேன். அவர் நியாயம் கேட்க வந்தபோது வாதி உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னதையும் வேகத்தில் சொல்லிவிட்டேன்.

மாமா துள்ளி எழுந்தார். "உள்ளதான் இருந்தியா நீ?"

"இப்ப நான் நீங்க மாமா. குறுக்க பேசாதீங்க."

என் பேச்சினால் அவர் ஜெயித்துவிட்டார், அவர் பேச்சினால் நான் ஜெயித்துவிட்டேன். ராவுத்தர் தீர்ப்புக்காகக் கைகட்டி நின்றார். அம்மாள் வெற்றிலையை மெதுவாக மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு பேரும் குற்றவாளியள். என்ரை ஆடு வெயிலுக்கை வாடுது. காத்து வருமட்டும் ரெண்டு பேரும் மாறி மாறி அதுக்குக் குடை பிடிக்கவேணும். இதுதான் தீர்ப்பு."

அப்படியே பிடித்தோம். ஆடு மாமாவின் மடியில் தலையை வைத்துத் தூங்கியது. அசைந்தால் விழித்துக்கொள்ளும் என்று அவர் கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் பொழுது ஏறிய பிறகுதான் பாய் லேசாக அசைந்தது. தண்டையல் "கச்சான்! கச்சான்!" என்று கத்தினார். நாங்களும் எழுந்து நின்று கத்தினோம். ஆனால் உள்ளுக்குள் எங்கள் யாருக்கும் அவ்வளவு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. ராவுத்தர், "இன்னொரு கேஸு இருந்தா நடத்தியிருக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

ஊர்காவற்றுறையில் இறங்கினோம். கால் தரையில் பட்டதும் பூமி ஆடியது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கள் குடித்தவர்கள் மாதிரி நடந்தோம். அம்மாள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு தன் ஊர்ப்பக்கம் வண்டி ஏறினார். "சண்டை பிடிக்கிறதெண்டால் கடலுக்கு வாங்கோ, தரையிலை பிடியாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ராவுத்தர் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒரே பீஸில் கிழித்தது, ஒரே கரை.

அந்தத் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்துக் கிட்டங்கி வாசலில் போய் நின்றோம். வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சேர்ந்தாற்போலப் பார்த்ததும் வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

"அய்யா, யாரு தவறிப்போனாக?" என்றார். சாவு ஒன்றைத் தவிர வேறு எதுவும் எங்கள் இரண்டு வீட்டையும் சேர்த்து நடக்கவைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

யாரும் சாகவில்லை, சாட்சி சொல்லத்தான் கூப்பிட வந்தோம் என்றோம். யாருக்குச் சாட்சி என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில், "எனக்கு" என்றோம். அவர் எங்களை உட்காரவைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தடமா? அப்படி ஒண்ணு எங்கங்கய்யா இருந்துச்சு? சகதி எங்கிட்டுக் கொறைச்சலா இருக்கோ அங்கிட்டு வண்டிய விடுவேன். ஒரு வருசம் இவுக வயல்ல போகும், மறுவருசம் அவுக வயல்ல போகும். மாட்டுக்குத்தான் தெரியும்."

"இதையா கோர்ட்டுல சொல்லுவீக?" என்று மாமா கேட்டார்.

"உள்ளதத்தான சொல்லணும்?"

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "வேண்டாம், நீங்க இங்கயே சவுகரியமா இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். தெருமுனை வரை அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு அங்கே வெடித்தது. "மாப்ளே, இந்த மனுசன் எனக்குச் சாட்சியா வந்திருந்தா நான் தோத்திருப்பேன்." "எனக்கு வந்திருந்தா நானுந்தான் மாமா." ஆளைக் காணவில்லை என்று வக்கீல்களிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தோம்.

திரும்பும்போதும் அதே தோணியைத் தேடிப்பிடித்து ஏறினோம். இந்தத் தடவை எதிர்காற்று, சுற்றிச் சுற்றித்தான் போகவேண்டும் என்று தண்டையல் எச்சரித்தார். மெத்த நல்லது என்றோம். ஆனால் அன்று காற்றே புத்தி மாறி வாகாக வீசி, பேசவேண்டியதில் பாதியைப் பேசுவதற்குள் கோட்டைப்பட்டினம் வந்துவிட்டது.

அறந்தாங்கி வரை வந்து, ஒரே வண்டியைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தோம். வழியிலேயே தீர்மானித்தாயிற்று. தடத்தை இருவரும் பொதுவாக வைத்துக்கொள்வது, கேஸை எடுத்துவிடுவது. திருச்செந்தூர் போனவனும் ராமேஸ்வரம் போனவரும் ஒரே மாதிரித் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரே வண்டியில் வந்து இறங்கியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். எங்கள் இருவர் வீட்டுக்காரிகளும் அந்தத் தோணியில் வரவில்லை.

நான் உட்கார்ந்து நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரி கடைசி வரை கேட்டாள். "பிரதிவாதி வீட்டுக்காரி கெணத்தடியில வச்சு என்னைய என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு?" என்றாள். எனக்கு ஞாபகமில்லை. "எனக்கு இருக்கு. கடல்ல சேந்தீங்கன்னா கடல்லயே இருந்துக்கங்க. இது தரை" என்றாள்.

அந்த வீட்டில் நிலைமை இதைவிட மோசம். மாமா வெள்ளை மனசாக, என் வீட்டுப் புளிச்சோற்றைப் பற்றி ரொம்ப நேரம் பாராட்டிப் பேசியிருக்கிறார். அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த வீட்டோடு ராஜி என்றால் தான் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். "இத்தன வருசம் வடிச்சுக் கொட்டுனேனே, ஒரு நா நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீகளா?"

ஆகக் கேஸ் நின்றபாடில்லை. வாய்தா நாளில் நான் ஒரு சந்து வழியாகவும் அவர் ஒரு சந்து வழியாகவும் முறைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவோம். ஊர் எல்லை தாண்டிய ஆலமரத்தடியில் சேர்ந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்போம். அதற்குள் சண்டைக்காலம் வந்துவிட்டது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு மாட்டி ஓட்டினார்கள். மேட்டில் நின்றுவிடும். கண்டக்டர் விசில் ஊத, வாதியும் பிரதிவாதியும் தோளோடு தோள் கொடுத்துத் தள்ளுவோம். "கச்சான் விழுந்துபோச்சு மாப்ளே" என்பார் மாமா. மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது.

கோர்ட்டில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வெளியே வந்ததும் கீழராஜவீதியில் ஒரு காபி கிளப்பில் எதிரெதிரே உட்கார்ந்து ரவா தோசை. அன்று எந்த வக்கீல் நன்றாகப் பேசினார் என்று தர்க்கம் பண்ணுவோம். "ஒன் ஆளு இன்னைக்குச் சரியில்ல மாப்ளே. தைலம் தேச்ச சங்கதிய விட்டுட்டான்" என்று அவர் குறைப்படுவார். நான் அதை அடுத்த வாய்தாவில் என் வக்கீலுக்கு எடுத்துக் கொடுப்பேன். ஒரு சமயம் என் வக்கீல் எங்களைக் காபி கிளப்பில் ஒரே மேஜையில் பார்த்துவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

ஒருநாள் தீர்ப்பு வந்தே விட்டது. தடம் இருவருக்கும் பொது. அவரவர் செலவு அவரவருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் வழியிலேயே நாங்கள் பேசி முடித்ததைக் கோர்ட் இத்தனை வருஷம் கழித்துச் சொல்லியது. காபி கிளப்பில் போய் உட்கார்ந்தோம். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருவருக்கும் தோசை இறங்கவில்லை.

"இனிமே புதுக்கோட்டைக்கு என்ன சோலி நமக்கு?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல."

"ஊருக்குள்ள பேசிக்கவும் முடியாது. ரெண்டு சிறுக்கிகளும் விடமாட்டாளுக."

"ஆமா."

அவர் காபியை வெகுநேரம் ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்ளே, அப்பீல் போடுவமா?" என்றார்.

"யாரு போடுறது?"

"நீ போடு. எளையவன். ஒனக்குத்தான் அலையத் தெம்பு இருக்கு. பாதிச் செலவு என்னுது."

அடுத்த வாரமே போட்டேன். நான் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை, மேல் கோர்ட்டுக்குப் போகிறேன் என்ற செய்தி வீட்டுக்கு எட்டியது. என் வீட்டுக்காரி அன்றைக்குத் தானாகவே எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "இப்பத்தாங்க நீங்க ஒரு ஆம்பள மாதிரி இருக்கீக" என்றாள்.